மெழுகுச் சட்டையைக் கஷாயம் கரைக்காது!

பலாப்பழம் அறுக்க உட்காருகிறவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். பலாப்பால் கையில் ஒட்டிவிட்டால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் போகாது. ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். செருப்பில் ஒட்டிய தாருக்கு மண்ணெண்ணெய், துணியில் பட்ட பெயின்ட்டுக்கு டர்பன்டைன், சட்டியில் ஒட்டிய வெல்லப் பாகுக்கு வெறும் வெந்நீர். எதை எது கரைக்கும் என்கிற இந்த அறிவு நம் வீடுகளில் எல்லோருக்கும் உண்டு. எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தந்ததில்லை.

இந்தச் சின்ன விஷயத்தை வைத்துக்கொண்டு உங்களிடம் ஒரு பெரிய விஷயம் பேசப் போகிறேன். காசநோய்க் கிருமியின் மேலே இருக்கும் கொழுப்பை விஞ்ஞானிகள் எப்படிக் கரைத்து எடுக்கிறார்கள் என்பதுதான் அது.

"சித்த வைத்தியருக்கு எதுக்கு இந்த கெமிஸ்ட்ரி?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. என்னைத் தேடி வருகிறவர்களில் பலர் கேட்கும் கேள்வி இது: "ஐயா, டி.பி. மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கல. அதை நிறுத்திட்டு மூலிகையிலேயே முடிச்சுத் தர முடியுமா?"

என் பதில் ஒரே வார்த்தைதான். முடியாது!

சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. முப்பது வருஷமாக அந்த மருத்துவம்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் அந்தக் கிருமியின் சட்டை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால், ஏன் 'முடியாது' என்கிறேன் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

கிருமிக்கும் உண்டு சட்டை

எந்த உயிரணுவை எடுத்துக்கொண்டாலும் அதைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அந்தச் சவ்வில் முக்கியமான சரக்கு கொழுப்பு. நம் உடம்பின் அணுக்களும் அப்படித்தான், பாக்டீரியாவும் அப்படித்தான். உள்ளே இருக்கும் தண்ணீரும் உப்பும் சத்தும் வெளியே ஓடிவிடாமல், வெளியே இருப்பது கண்டபடி உள்ளே நுழையாமல் காவல் காப்பது இந்தக் கொழுப்புச் சவ்வுதான்.

சில பாக்டீரியாக்களுக்கு வெளியே இன்னொரு கொழுப்புச் சவ்வும் உண்டு. இதை வைத்துத்தான் உங்கள் ஊர் லேபில் பாக்டீரியாக்களை இரண்டு ஜாதியாகப் பிரிக்கிறார்கள். 1884-ல் டென்மார்க் நாட்டு டாக்டர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த முறை அது. கண்ணாடித் தகட்டில் கிருமியைப் பரப்பி, ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் விட்டு, பிறகு ஆல்கஹாலால் கழுவுவார்கள். ஆல்கஹால் கொழுப்பைக் கரைக்கும் இல்லையா? வெளிச் சவ்வு உள்ள கிருமிகளில் அந்தச் சவ்வு கரைந்து, சாயமும் கூடவே கழன்று ஓடிவிடும். மற்றவை ஊதாவாகவே நிற்கும். எந்த மருந்து கொடுப்பது என்று டாக்டர்கள் முடிவெடுப்பதற்கு இன்றைக்கும் இந்தக் கழுவல் உதவுகிறது.

இப்போது காசநோய்க் கிருமிக்கு வருவோம். எலும்புருக்கி நோய், சயரோகம் என்று நம் பெரியவர்கள் பயந்து பயந்து சொன்னார்களே, அந்த நோயின் கிருமி. 1882 மார்ச் 24-ந் தேதி ஜெர்மனியின் ராபர்ட் கோக், இந்த நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியாதான் என்று பெர்லினில் அறிவித்தார். அந்தக் கிருமி அதுவரை கண்ணில் படாமல் போனதற்கு ஒரு முக்கியக் காரணம், அதன் மேல் சாதாரணச் சாயம் ஏறவே ஏறாது. மெழுகுத் துணியில் மையைக் கொட்டிப் பாருங்கள், உருண்டு ஓடிவிடும். அதே கதைதான்.

பால் எர்லிக், ஸீல், நீல்சன் என்று அடுத்தடுத்து வந்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கார்பாலிக் அமிலத்தில் கலந்த சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் தீ காட்டிச் சூடேற்றினால் மெழுகு இளகிச் சாயம் உள்ளே போகும். ஆறியதும் மெழுகு இறுகிக்கொள்ளும். அதற்குப் பிறகு அமிலத்தை ஊற்றிக் கழுவினாலும் அந்தச் சிவப்பு போகாது! பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் நாங்களும் நுண்ணோக்கியில் இதைப் பார்த்தோம். நீலப் பின்னணியில் செக்கச் சிவந்த குச்சி குச்சியாக நிற்கும். சளிப் பரிசோதனை என்று நீங்கள் கேள்விப்படுவதில் பழைய முறை இதுதான்.

அடியில் தங்கும் கொழுப்பு

சரி, அந்தக் கொழுப்பில் என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் அதைத் தனியாகப் பிரிக்க வேண்டும்.

தண்ணீர் இதற்கு உதவாது. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் குளோரோஃபார்ம், ஈதர், மெத்தனால் போன்ற கரைப்பான்களை எடுத்தார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. குளோரோஃபார்ம் கொழுப்பை நன்றாகக் கரைக்கும். ஆனால் சவ்வில் இருக்கும் கொழுப்பு சும்மா தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. புரதத்தோடு கைகோத்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பிடியை விடுவிக்க மெத்தனால் வேண்டும். ஆக, ஒன்று பிடியை விடுவிக்கிறது, மற்றொன்று கரைத்துக்கொள்கிறது.

1957-ல் ஃபோல்ச் என்பவரும் அவருடைய சகாக்களும் குளோரோஃபார்ம் 2 பங்கு, மெத்தனால் 1 பங்கு என்று ஒரு கணக்கு வகுத்தார்கள். 1959-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் பிளை, டையர் என்ற இருவர் காட் மீனின் சதையிலிருந்து கொழுப்பை எடுக்க இன்னும் சுலபமான முறையைச் சொன்னார்கள். மீனுக்காக வந்த இந்த முறைதான் இன்றைக்கு உலகம் பூராவும் பாக்டீரியாவின் கொழுப்பை எடுக்கவும் பயன்படுகிறது.

குளோரோஃபார்ம் 1 பங்கு, மெத்தனால் 2 பங்கு, தண்ணீர் கிட்டத்தட்ட 0.8 பங்கு. இந்த அளவில் மூன்றும் ஒன்றாகக் கலந்து ஒரே திரவமாக நிற்கும். அதில் கிருமிகளைப் போட்டுக் குலுக்குவார்கள். பிறகு இன்னும் கொஞ்சம் குளோரோஃபார்மும் தண்ணீரும் சேர்த்தால் போதும், ஒன்றாக இருந்தது இரண்டாகப் பிரிந்துவிடும். மேலே தண்ணீரும் மெத்தனாலும். அதில் சர்க்கரை, உப்பு வகைகள். நடுவில் வெள்ளையாகப் புரதம். அடியில் குளோரோஃபார்ம், அதற்குள் கொழுப்பு. நம் வீட்டு ரசத்தில் நெய் மேலே மிதக்கும். இங்கே கொழுப்பு அடியில் தங்கும். குளோரோஃபார்ம் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதுதான் காரணம்.

அந்த அடித் திரவத்தை எடுத்துக் குளோரோஃபார்மை ஆவியாக்கிவிட்டால் மிச்சம் நிற்பது கிருமியின் கொழுப்பு. அவ்வளவுதான் வித்தை!

ஆனால் காசநோய்க் கிருமி இந்த வித்தைக்கும் முழுதாக மசியவில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஆண்டர்சன் 1920-களின் பிற்பகுதியிலிருந்து இதே வேலையாக இருந்தார். ஆல்கஹாலும் ஈதரும் கலந்து ஒரு முறை, குளோரோஃபார்மில் ஒரு முறை என்று கிருமிகளை ஊறவைத்து ஊறவைத்துக் கொழுப்பை எடுத்தார். 1938-ல் அவருடைய குழுவினர் மைக்காலிக் அமிலம் என்ற கொழுப்பைப் பிரித்தெடுத்தார்கள். நாம் சமைக்கும் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலும் 16, 18 கரிம அணுக்கள்தான் வரிசையாக இருக்கும். மைக்காலிக் அமிலத்தில் எத்தனை தெரியுமா? 60 முதல் 90 வரை! எண்ணெய் எங்கே, இந்த மெழுகு எங்கே?

இன்னும் ஒரு சங்கதி. இந்த மெழுகில் ஒரு பகுதி கரைப்பானுக்கு வந்துவிடும். இன்னொரு பகுதி கிருமியின் சுவரோடு சேர்த்தே தைத்ததுபோலப் பிணைந்திருக்கிறது. அதைக் குளோரோஃபார்ம் எத்தனை முறை கழுவினாலும் பெயர்க்க முடியாது. காரத்தைப் போட்டுக் காய்ச்சித்தான் எடுக்க வேண்டும், எண்ணெயில் காரம் சேர்த்துச் சோப்புக் காய்ச்சுவது மாதிரி.

1950-ல் ஹூபர்ட் பிளாக் என்ற விஞ்ஞானி செய்தது இதைவிட ஆச்சரியம். கொடிய காசநோய்க் கிருமிகள் வளரும்போது கயிறு திரித்ததுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வளரும். அவற்றைப் பெட்ரோலியம் ஈதரில் அலசினார். மேலே இருந்த ஒரு கொழுப்பு கரைந்து வந்தது, கயிறு பிரிந்து கிருமிகள் தனித்தனியாக உதிர்ந்தன. ஆனால் கிருமிகள் சாகவில்லை. சட்டையின் ஒரு பகுதியை உருவிய பிறகும் உயிரோடு இருந்தன! அந்தக் கொழுப்பில் இருப்பது ஒரு சர்க்கரையும் இரண்டு மைக்காலிக் அமிலமும் என்று 1956-ல் தெரியவந்தது.

வெளியே சோப்பு சரி, உள்ளே?

2020-ல் கொரோனா வந்தபோது எல்லோரும் ஒரு பாடம் படித்தோம். சோப்புப் போட்டுக் கை கழுவினால் வைரஸின் கொழுப்பு உறை கரைந்துவிடும் என்று. அது சரிதான். ஆனால் அந்தப் பாடத்தைச் சிலர் வேறு மாதிரி பிடித்துக்கொண்டார்கள். "அதே மாதிரி உள்ளுக்குள்ளே இருக்கிற கிருமியோட சட்டையையும் எதையாவது குடிச்சுக் கரைச்சுட்டா?" என்று கேட்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். கிருமியின் சவ்வு கொழுப்பு என்றால் நம் அணுக்களின் சவ்வும் கொழுப்புதான். கிருமியின் கொழுப்பைக் கரைக்கும் திரவம் நம் நுரையீரலையும் ஈரலையும் சும்மா விடுமா? எதிரியின் வீடு எது, நம் வீடு எது என்று கரைப்பானுக்குத் தெரியாது. குளோரோஃபார்ம் ஈரலைக் கெடுக்கும். மெத்தனால் கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற கள்ளச்சாராயத்தில் இருந்ததும் இதே மெத்தனால்தான்.

ஆக, கரைக்க முடியாது. பிறகு என்ன வழி?

இங்கேதான் மருந்தின் சாமர்த்தியம் இருக்கிறது. சட்டையைக் கரைக்க முடியாவிட்டால் என்ன, சட்டை நெய்கிற தறியை நிறுத்திவிடலாமே! மைக்காலிக் அமிலத்தை நம் உடம்பு தயாரிப்பதில்லை. கிருமிக்கு மட்டும்தான் அந்தத் தறி உண்டு. அதனால் அதை நிறுத்தினால் கிருமிக்கு நஷ்டம், நம் அணுக்களின் சவ்வுக்கு ஆபத்தில்லை.

ஐசோநியாசிட் என்ற மருந்து செய்வது இதைத்தான். 1952-லேயே அது காசநோய்க்கு வந்துவிட்டது. அது மைக்காலிக் அமிலத் தயாரிப்பை நிறுத்துகிறது என்பது 1970-களின் தொடக்கத்தில்தான் விளங்கியது. கரைப்பான்களை வைத்துக் கிருமியின் கொழுப்பைப் பிரித்து அளக்கத் தெரிந்திருந்ததால்தான் அதையும் கண்டுபிடிக்க முடிந்தது. கூடவே தரும் எத்தாம்பியூட்டால் அந்த மெழுகு தைக்கப்பட்டிருக்கும் அடித்துணியையே நெய்யவிடாது. ரிஃபாம்பிசின் கிருமியின் உள் வேலையை முடக்கும். பைராசினமைடு பதுங்கிக் கிடப்பவற்றைப் பிடிக்கும். நான்கும் நான்கு வேலை. ஒன்றை விட்டால் மற்றது அதன் வேலையைச் செய்யாது.

ஏன் ஆறு மாதம்?

"காய்ச்சல் ஒரே மாசத்துல நின்னு போச்சு, அப்புறம் எதுக்கு ஆறு மாசம்?" அடுத்த கேள்வி இதுதான்.

வயிற்றில் இருக்கும் சாதாரணப் பாக்டீரியா நல்ல சூழ்நிலையில் 20 நிமிஷத்தில் ஒன்று இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். அத்தனை சோம்பேறி! அதிலும் சில கிருமிகள் வேலையையே நிறுத்திவிட்டுத் தூங்கும். தறியை நிறுத்தினால் சட்டை நெய்கிறவனுக்குத்தான் கஷ்டம். தூங்குகிறவன் சட்டை நெய்வதில்லையே! அவன் எழுந்திருக்கும் வரைக்கும், அல்லது மற்ற மருந்துகள் தூக்கத்திலேயே அவனை முடிக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் மூன்று மருந்து என்று கணக்குப் போட்டிருப்பது அதற்காகத்தான்.

இடையில் நிறுத்தினால் தூங்கினவன் எழுந்து வருவான். மருந்துக்குத் தப்பிப் பிழைத்தவர்களின் சந்ததி பெருகும். அதுதான் மருந்துக்கு மசியாத காசநோய். அதற்கு முன்பெல்லாம் 18, 20 மாதம்கூட மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. 2024-ல் நான்கு மருந்துகள் கொண்ட 6 மாத முறைக்கு இந்தியா அனுமதி தந்திருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் அவை கடுமையான மருந்துகள். அங்கே போய் நிற்கும் நிலைமையே வராமல் பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

'ஆய்வில் நிரூபணம்' என்றால்...

எங்கள் துறையிலேயே சிலருக்குப் பிடிக்காத ஒரு விஷயத்தை இப்போது சொல்லப் போகிறேன்.

"அந்த இலை காசநோய்க் கிருமியைக் கொல்கிறது, ஆய்வில் நிரூபணம்" என்று அவ்வப்போது செய்தி வரும். பொய் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் லேபில் நடந்ததுதான். ஆனால் அதைப் படித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: எதில் ஊறவைத்து எடுத்தார்கள்? அநேகமாக மெத்தனால், ஹெக்சேன், குளோரோஃபார்ம் என்று இருக்கும். நீங்கள் வீட்டில் வைக்கும் கஷாயமோ தண்ணீரில். பலாப்பாலைத் தண்ணீர் கழற்றாதது மாதிரி, இலையிலுள்ள எண்ணெய்ப் பசையான பொருளையும் தண்ணீர் சரிவரக் கழற்றாது. லேபில் கிருமியைக் கொன்ற பொருள் உங்கள் டம்ளருக்குள் வந்திருக்கவே வந்திருக்காது. இலை ஒன்றுதான், சாறு வேறு!

இரண்டாவது கேள்வி: எந்தக் கிருமி மேல் போட்டார்கள்? நிஜமான காசநோய்க் கிருமியை வளர்ப்பது ஆபத்து, அதற்குத் தனிப் பாதுகாப்பு லேப் வேண்டும். அதனால் பல இடங்களில் அதன் சாதுவான தாயாதி ஒன்றை வைத்துச் சோதிப்பார்கள். தாயாதி விழுந்தான் என்பதற்காக இவனும் விழுவான் என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது கேள்வி: எவ்வளவு? கண்ணாடிக் குழாயில் கிருமிக்குப் பக்கத்திலேயே ஊற்றிய அளவு, நீங்கள் குடித்து, செரித்து, ஈரல் தாண்டி, ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய்ச் சேருமா?

இதெல்லாம் சித்தருக்குத் தெரியாத விஷயமா? நிச்சயமாகத் தெரியும்! சித்த மருத்துவத்தில் அக மருந்து 32, புற மருந்து 32 என்று வகுத்து வைத்தார்களே, எதற்காக? குடிநீர் வேறு, தைலம் வேறு, நெய் வேறு, லேகியம் வேறு. ஒரே மூலிகைக்கு ஒரு நோயில் தேன் அனுபானம், இன்னொரு நோயில் பால், வேறொன்றில் நெய். எதில் சேர்த்தால் எது இறங்கும் என்பது எங்கள் மருத்துவத்தின் உயிர்நாடி. மஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பொருள் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம், கொழுப்பில் கரையும். பாலில் மஞ்சள் போட்டுக் குடிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

சீனாவில் நடந்ததைக் கேளுங்கள். மலேரியாவுக்கு மருந்து தேடிய தூ யூயூ என்ற அம்மையார் பழைய வைத்திய நூல் ஒன்றைப் புரட்டினார். ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஈதரில் ஊறவைத்து எடுத்தார். மருந்து கிடைத்தது. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு. பரம்பரை வைத்தியத்துக்கு எவ்வளவு பெரிய பெருமை! ஆனால் அவர் ஈதர்ச் சாற்றைப் பத்திரிகையில் எழுதிவிட்டு எல்லோரும் செடியைக் கஷாயம் வைத்துக் குடியுங்கள் என்று சொல்லவில்லை. பொருளைத் தனியே பிரித்து, சோதித்து, அளவு கட்டி, நோயாளிகளிடம் நிரூபித்தார்கள். காசநோய்க்கு நம் மூலிகையில் ஒன்று அந்தப் பரீட்சையை எழுதித் தேறட்டும். முதல் ஆளாக நான் எழுதிக் கொடுப்பேன். தேறாத வரைக்கும் ஒரு உயிரை வைத்து நான் பரிசோதனை செய்ய மாட்டேன்.

"சிறுநீர் செக்கச்செவேல்னு போகுதே!"

ஒரு அம்மா தன் மகனை அழைத்து வந்தார். இருபத்துநாலு, இருபத்தைந்து வயசுப் பையன். லாரியில் கிளீனர் வேலை. மாத்திரை ஆரம்பித்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

"ஐயா, மாத்திரை ரொம்பச் சூடு. சிறுநீர் செக்கச்செவேல்னு போகுது. ரத்தமோன்னு பயமா இருக்கு. இப்ப இருமலும் இல்ல. நீங்க ஆடாதோடை குடிநீர் குடுத்தா மாத்திரையை நிறுத்திரலாம்னு எல்லாரும் சொல்றாவ."

"தாயி, அது ரத்தம் இல்ல. ரிஃபாம்பிசின் மாத்திரையோட சாயம். மருந்து உள்ள போயிருக்குன்னு அர்த்தம்" என்றேன். பிறகு பையனிடம் கிருமியின் மெழுகுச் சட்டையைப் பற்றி, இங்கே உங்களுக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். கடைசியில் அவன் கேட்டான்: "அப்ப நீங்க எனக்கு ஒண்ணுமே தர மாட்டீங்களா?"

நியாயமான கேள்வி. ஆடாதோடை நல்ல மருந்து. சளியை இளக்கும், இருமலைத் தணிக்கும். அதனால்தான் காசநோயில் அதைத் தனியாகக் கொடுக்க எனக்குப் பயம். இருமல் அடங்கும், கிருமி அடங்காது. நோய் குணமாகிவிட்டது என்று வீட்டார் நிம்மதியாகத் தூங்குவார்கள். உள்ளே நுரையீரல் அரித்துக்கொண்டே இருக்கும். வீட்டிலுள்ள குழந்தைக்கும் பரவும்.

அந்தப் பையனுக்கு நான் கொடுத்தது சாப்பாட்டுப் பட்டியல். முட்டை, பயறு, கடலை, கீரை, மீன், கேழ்வரகு. "இதெல்லாம் மருந்தா?" என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். ஜார்க்கண்ட் மாநிலத்தில் சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு நடந்த ஒரு பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது. நோயாளியின் வீட்டாருக்குக் கூடுதல் சத்துணவு கொடுத்ததில், அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்திருந்தது! உணவே மருந்து என்று நாங்கள் சொல்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பசியைத் தூண்டுவது, செரிமானத்தைச் சீராக்குவது, இளைத்த உடம்பைத் தேற்றுவது, இதில் சித்த மருத்துவத்துக்கு இடம் உண்டு. அதுவும் மாத்திரை தரும் டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையோடு கூடவே. அதற்குப் பதிலாக அல்ல.

'சொல்லிவிட்டு' என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்த மாத்திரைகளில் மூன்று ஈரலுக்குக் கொஞ்சம் சுமை தருபவை. கூடவே கடையில் வாங்கிய சூரணமோ செந்தூரமோ சாப்பிட்டால் சுமை எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காமல் வந்தால், சோற்றைக் கண்டாலே குமட்டினால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகச் சேர்க்கவும் சேர்க்காதீர்கள்.

கடைசியாகச் சில வார்த்தைகள்

உலகத்தில் காசநோய் வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். இது அடுத்த தெருக்காரர் நோய் இல்லை, நம் நோய்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், சாயங்காலக் காய்ச்சல் வந்தால், எடை குறைந்தால், சளியில் ரத்தம் தெரிந்தால், முதலில் சளிப் பரிசோதனை. என்னிடம் வந்தாலும் நான் அங்கேதான் அனுப்புவேன். இப்போது கிருமியின் மரபணுவையே தேடிப் பிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன. சில மணி நேரத்தில் நோய் இருக்கிறதா, ரிஃபாம்பிசின் அதற்குப் பிடிக்குமா என்று சொல்லிவிடுகின்றன. அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சை நடக்கும் மாதங்களில் சத்துணவுக்காக 2018-லிருந்து மாதம் 500 ரூபாய் தந்தார்கள், 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கி வைக்காதீர்கள். இது தட்டில் பரவும் நோய் இல்லை, காற்றில் பரவும் நோய். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். சரியான மருந்து ஆரம்பித்த சில வாரங்களில் பரப்பும் சக்தி வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்ததே நம் சென்னைதான். 1956-ல் தொடங்கிய ஆய்வில், மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கும் வீட்டில் இருந்தவருக்கும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று தெரிந்தது. அதைச் செய்தவர்கள் பணக்காரர்கள் இல்லை, நெருக்கடியான வீடுகளில் வசித்த ஏழைகள்.

யாராவது உங்களிடம் வந்து, "என் மருந்து டி.பி. கிருமியைக் கரைச்சுடும்" என்று சொன்னால், அவர் அலோபதியோ சித்தமோ ஆயுர்வேதமோ, "எதில் கரைக்கிறீர்கள் ஐயா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். குளோரோஃபார்ம் கழுவிக் கழுவியும் பெயர்க்க முடியாத மெழுகு அது. அவர் பதில் தேடட்டும். நீங்கள் இன்றைய மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.